வெள்ளிக் கூட்டில் இரண்டு பேர்

"அக்கா, நாற்பத்து மூணாம் பக்கத்துக் கூட்டுப்புழு படம் பிரமாதம். ஆனா உங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் நிக்கிறாரே, அவரை மட்டும் அழிச்சிடட்டுமா?"

அழைத்தது புத்தகத்துக்குப் பக்கம் வடிவமைக்கிற பெண். குரலில் வழக்கமான வேலை அவசரம்தான் இருந்தது. கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அரளிக் கிளைக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தவள், பாதி நிரம்பிய பாட்டிலோடு அப்படியே நின்றாள்.

"யாரு நிக்கிறா?"

"உங்க வீட்டுக்காரர்னு நினைச்சேன். கூட்டு மேல உங்க நிழல் தெரியுது பாருங்க, கேமராவோட. அதுக்குப் பின்னாடி. செம உயரம்க்கா அவர்."

"அவர் என்னைவிட ரெண்டு விரல்தான் உயரம்," என்று சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அந்தப் படம் எடுத்தது நேற்று நடுப்பகலில். கணவர் வேலைக்குப் போயிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில். காற்றில் கதவு அடித்தால் கிளை ஆடுமே என்று வாசல் கதவை அவளே உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

"நான் பார்த்துட்டுச் சொல்றேன். நீ எதையும் அழிக்காதே. அப்புறம், முப்பதாம் பக்கத்துல படம் மாறிப்போச்சு. கறிவேப்பிலை அழகிப் பட்டாம்பூச்சி வரவேண்டிய இடத்துல ரோஜா அழகியைப் போட்டிருக்கே."

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு!"

"அப்படி நினைக்க வைக்கத்தான் அது அந்த வேஷம் போடுது. றெக்கையை விடு, உடம்பைப் பாரு. சிவப்பா இருந்தா ரோஜா அழகி."

பேச்சு முடிந்து கைபேசியை வைத்தபோது பாட்டிலின் குளிர்ச்சியில் அவள் விரல்கள் மரத்திருந்தன.

அந்தத் தெருவில் அவளுக்குப் பூச்சியம்மா என்று பெயர். பன்னிரண்டு வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கிக்குள் கண்ணை நட்டு வைத்து, இது நல்ல அணு, இது கெட்ட அணு என்று பிரித்துச் சொன்னவள். அந்த வேலையைச் செய்ய ஒரு இயந்திரம் வந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டாள். சும்மா இருக்கத் தெரியாத கண். தோட்டத்துச் செடிகளில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது வீட்டைச் சுற்றிக் காணக்கூடிய நூறு பட்டாம்பூச்சிகளையும் வண்டுகளையும் பற்றி ஒரு கையேடு தயாராகிறது. படமும் அவளே, அடையாளக் குறிப்பும் அவளே. தொண்ணூற்றேழு முடிந்துவிட்டது.

தொண்ணூற்றெட்டாவதுதான் வெண்புள்ளிக் கருப்பன். எங்கும் பறக்கிற சாதாரணப் பட்டாம்பூச்சி. ஆனால் அதன் கூட்டுப்புழு சாதாரணமில்லை. வெள்ளியை உருக்கிச் சொட்டவிட்டு இலைக்கடியில் உறைய வைத்ததுபோல் தொங்கும். எதிரே இருப்பதெல்லாம் அதன் வளைவில் குட்டி குட்டியாக விழும்: ஜன்னல், விளக்கு, படமெடுக்கிற ஆள். அரளிச் செடியிலிருந்து புழுக்களைக் கிளையோடு கொண்டுவந்து பின்னறை மேசையில் வைத்து வளர்த்தாள். மூன்று கூடு கட்டின. இரண்டு பட்டாம்பூச்சியாகிப் பறந்துவிட்டன. மூன்றாவது மட்டும் மிச்சம்.

மடிக்கணினியில் அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள்.

கூட்டின் வளைவில் பின்னறை முழுவதும் ஒரு நெல்மணிக்குள் அடங்கியிருந்தது. வலப்பக்கம் ஜன்னலின் வெள்ளைக் கட்டம். நடுவில் கேமராவை முகத்தில் வைத்துக்கொண்டு அவள். மேலே, கிளை ஆடக்கூடாதென்று அவள் நிறுத்தி வைத்திருந்த காற்றாடியின் மூன்று இறக்கைகள். அவளுக்குப் பின்னால், அறைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரின் நிறத்தைவிடக் கொஞ்சம் மங்கலாக, ஒரு ஆள்.

கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. முழங்காலையும் தாண்டித் தொங்கின. தலை முன்னால் மடிந்திருந்தது, யோசனையில் குனிந்தவர் தலைபோல அல்ல. நிமிர இடமில்லாமல் குனிந்த தலை. பின்கழுத்து கூரையில் அழுந்தியிருந்தது. காற்றாடியின் இறக்கை அதன் மார்பளவில் இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். கதவு. கதவில் மாட்டியிருந்த மகளின் மழைக்கோட்டு. மஞ்சள் நிறம், மூன்றடி நீளம். வேறொன்றும் இல்லை.

வளைந்த பரப்பில் எல்லாமே கோணல்மாணலாகத்தான் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மழைக்கோட்டு நீண்டு தெரிந்திருக்கும். ஆனால் கண் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம். கோணல் என்றால் கதவும் நீண்டிருக்க வேண்டும், காற்றாடியும் இழுபட்டிருக்க வேண்டும். அவையெல்லாம் அதது அளவில், அதது இடத்தில்தான் இருந்தன. அது ஒன்றுதான் நீளம்.

பழைய படங்களைத் திறந்தாள். பளபளக்கிற முதுகு, பனித்துளி, எது எதில் பிரதிபலிப்பு விழுந்திருக்குமோ அவற்றை மட்டும். பத்தொன்பது நாளைக்கு முன் வாசலில் எடுத்த பொன்வண்டு. அதன் பச்சை முதுகில் வானமும் தெருவும் ஒரு கோடாகத் தெரிந்தன. கோட்டின் ஓரத்தில் எதிர்ச்சாரி விளக்குக் கம்பம். கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பம். எதிர்ச்சாரியில் ஒரே ஒரு கம்பம்தான் உண்டு.

பதினான்கு நாளைக்கு முன், எருக்கிலையில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. பக்கத்தில் ஒரு பனித்துளி. துளிக்குள் தலைகீழாக வீட்டு வாசல். இரும்புக் கதவுக்கு வெளியே அது நின்றது. இரண்டு கைகளும் கதவின் மேல்விளிம்புக்கு மேலாக உள்ளே தொங்கின.

பத்து நாளைக்கு முன், பொன்னிற ஆமை வண்டு. அது அரளிச் செடியருகே நின்றது. ஆறு நாளைக்கு முன், இந்தக் கூட்டுப்புழுக்களில் முதலாவது. அது வாசற்படியில். மூன்று நாளைக்கு முன், கூடத்தில். நேற்று, இந்த அறைக்குள்.

அவள் மடிக்கணினியை அணைக்கவில்லை. அணைத்தால் திரை கறுத்துக் கண்ணாடியாகிவிடும் என்று தோன்றியது.

அறையில் அரளிப் பாலின் கசப்பு வாடை இருந்தது. வெளியே எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடி நின்றது. அவள் எழுந்து கேமராவை முக்காலியில் பொருத்தினாள். கை வேலைக்குப் பழகிய கை. நின்றபடியே கூட்டை மையப்படுத்தினாள். மின்னொளி விளக்கு நிரம்பும்போது வரும் மெல்லிய ரீங்காரம் ஏறி ஏறி நின்றது. பட்டென்று வெளிச்சம். படம்.

அதற்கும் அவளுக்கும் நடுவில் இப்போது ஒரு நாற்காலிதான் இருந்தது.

அன்று மாலை மூன்றரை மணிக்கு விட வேண்டிய பள்ளிக்கூடத்தின் வாசலில் அவள் பன்னிரண்டு மணியிலிருந்து நின்றாள்.

*

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் கிணறு மாதிரியான குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவர். பயம் என்பது அவர் அகராதியில் அறுந்துபோகக்கூடிய கம்பி மட்டும்தான். வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே கேட்டார். சிரித்தார்.

"பாதி ராத்திரி வரைக்கும் பூச்சியோட கண்ணையே பார்த்துக்கிட்டு இருக்கே. பேய் மட்டுமா தெரியும்? பேயோட மாமியாரே வந்து நலம் விசாரிப்பா."

"சிரிக்காதீங்க. வந்து பாருங்க."

பார்த்தார். துண்டால் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. படத்தைப் பார்க்காமல் தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தார்.

"தரையிலேர்ந்து கூரை ஒன்பதரை அடி," என்றார். யாரும் கேட்காத கணக்கு. "காற்றாடி எட்டே கால். நான்தான் மாட்டினேன்." பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "எவனோ படத்துல கைவச்சிருக்கான்."

"இதெல்லாம் நேரா கேமராவிலேர்ந்து எடுத்தது. யாரு கைவைக்கப் போறா?"

அவர் சோதித்துப் பார்க்கிற மனிதர். எது கோளாறு என்றாலும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து அறையில் சாய்த்து வைத்தார். அதில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. கைபேசியால் கண்ணாடியைப் படமெடுத்தார். யாரும் இல்லை. அவளைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அவரே கேமராவுக்குப் பின்னால் நின்று கூட்டுப்புழுவைப் படமெடுத்தார். சின்னத் திரையில் பார்த்துவிட்டு, "ஏய், வந்து பாரு! ஒருத்தரும் இல்ல. நான் மட்டும்தான் இருக்கேன்," என்றார். குரல் தெளிந்துவிட்டது. "இப்போ நீயும் வந்து பக்கத்துல நில்லு."

நின்றாள். வெளிச்சம் அடித்தது.

படத்தில் அவர் இருந்தார். அவள் இருந்தாள். அவளுக்குப் பின்னால், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அது இருந்தது.

"அது வீட்டுல இல்லைங்க," என்றாள். "என்கூட இருக்கு."

அவர் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

கூடத்தில் மகள் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டுப் பென்சிலைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தாள். குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டாம் வகுப்பு. அவள் இருக்கிற திசையைப் பார்த்ததும் இருவருக்கும் ஒரே எண்ணம் வந்தது.

"அவளை உங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

"நீ?"

"நான் வந்தா அதுவும் வரும்."

"அவளை விட்டுட்டு நான் திரும்பி வந்துடறேன்."

"புது இடத்துல அவ தனியா தூங்க மாட்டா. ராத்திரி எழுந்து அழுவா. நீங்க அங்கேயே இருங்க. காலையில பேசிக்கலாம்."

"நீ தனியா என்ன பண்ணப் போறே?"

அவள் மேசையைக் காட்டினாள். கூட்டின் அடிநுனியில் வெள்ளி மங்கிப் பழுப்பேறியிருந்தது. பட்டாம்பூச்சி வெளியே வருவதற்கு முந்தைய நாள் அப்படித்தான். பளபளப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். தோல் கறுத்து, உள்ளே மடிந்து கிடக்கிற இறக்கையும் வெள்ளைப் புள்ளிகளும் வெளியே தெரியும். விடிவதற்குள் முழுவதும் கறுத்துவிடும்.

"இது கறுத்துடுச்சுன்னா அப்புறம் அது எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாது," என்றாள். "தெரியிற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

குட்டி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "அம்மா வரலையா?"

"பட்டாம்பூச்சி வெளிய வரப்போகுதும்மா. படம் எடுக்கணும்."

"எனக்குக் காட்டாம பறக்க விட்டுடாதே."

மாட்டேன் என்று தூரத்திலிருந்தே சொன்னாள். கிட்டப் போய் முத்தம் கொடுக்கவில்லை. குனிய வேண்டியிருக்கும். அவள் குனிந்தால் அதுவும் குனியும்.

*

வீடு இரவில் இவ்வளவு பேசும் என்று அவளுக்குத் தெரியாது. தண்ணீர்க் குழாயில் காற்று இறங்குகிற ஓசை, ஜன்னல் சட்டத்தில் பல்லி நகர்கிற ஓசை, குளிர்சாதனப் பெட்டி மூச்சை இழுத்துப் பிடித்துப் பிறகு விடுகிற ஓசை, எல்லாவற்றுக்கும் அடியில், காய்ந்த காகிதத்தை யாரோ மிகப் பொறுமையாகப் பிரிப்பதுபோல் ஒரு சரசரப்பு. கூட்டுக்குள்ளிருந்து வருகிறதா என்று காதை வைத்துப் பார்த்தாள். இல்லை. காதை எடுத்ததும் மறுபடி கேட்டது. காற்றாடியைப் போட முடியாததால் முதுகெல்லாம் வியர்வை. அந்த வியர்வையில் ஒரு வட்டம் மட்டும், தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு, காய்ந்து ஜில்லென்று இருந்தது.

பத்து மணிக்கு ஒரு படம். அது நாற்காலிக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது.

நாற்காலி நகர்ந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது நாற்காலி மாலையில் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடையாளக் குறிப்பு எழுதுகிற நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் பயம் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். உயரம், ஒன்பதரை அடிக்கு மேல். கழுத்து, தோளைவிட நீளம். முகம், தெரியவில்லை, எப்போதும் கீழ்நோக்கி. நிறம், பின்னாலிருக்கும் எதன் நிறமோ அது. நடமாட்டம், படத்துக்கும் படத்துக்கும் நடுவில். இதுவரைக்கும் எழுதியவள், கடைசியாக, "எதை உண்ணும்" என்று எழுதிவிட்டு, எழுதியதை அடித்தாள்.

கணவர் அழைத்தார். குட்டி தூங்கிவிட்டாள். "நான் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றாள். "என்னமாவது ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

ஒரு மணிக்கு ஒரு படம். கூட்டில் முக்கால்வாசி கறுத்துவிட்டது. எஞ்சிய வெள்ளியில் அவள் தோளுக்குப் பின்னால் ஒரு கை. விரல்கள் விரிந்திருந்தன. தொடவில்லை. தோளின் அகலத்தை அளப்பதுபோல் காற்றில் நின்றன.

தோளைத் தொட்டுப் பார்த்தாள். வியர்வை. தன் தோல்.

மூன்று மணி. குனிந்து வளைந்த அதன் மார்பு அவள் முதுகை ஒட்டியிருந்தது. அவள் தலைக்கு மேல் அதன் தலை. வீட்டுப்பாடம் எழுதும் குழந்தையின் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறவள்போல, அது அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அறையில் ஒரு வாடை வந்தது. அவளுக்குத் தெரிந்த வாடை. கூடு வெடித்ததும், முதல் துளி கழிவு சொட்டும்போது வரும் புளித்த வாடை.

ஆனால் கூடு இன்னும் வெடிக்கவில்லை.

அதற்குப் பிறகு விடியும்வரை அவள் கேமராவைத் தொடவில்லை. கண்ணை மூடவில்லை. நகரவில்லை. நின்றாள். கால் வலிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஜன்னல் சாம்பல் நிறமானது. எங்கோ ஒரு சைக்கிள் மணி. ஒரு குழாய் திறந்தது. விடிகிற சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

கூட்டின் தோளில் ஓர் அரிசி அளவு வெள்ளி மட்டும் மிச்சம் இருந்தது.

ஐந்தரை மணி. கடைசிப் படம்.

சின்னத் திரையைப் பார்க்கவே அவளுக்குத் துணிவு வரவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். பிறகு இரண்டு கண்ணையும்.

அரிசி அளவு வெள்ளியில் அறை. ஜன்னல். நாற்காலி. கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தி.

ஒருத்திதான். பின்னால் யாரும் இல்லை.

இன்னொரு முறை பார்த்தாள். கதவருகே இல்லை. நாற்காலியருகே இல்லை. கூரையடியில் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. படத்தைக் கைபேசிக்கு மாற்றிக் கணவருக்கு அனுப்பினாள். அடுத்த நிமிஷமே அழைத்தார். தூங்கவே இல்லை போலிருக்கிறது.

"ஒருத்தர்தானே தெரியுது? நான் சரியாத்தானே பார்க்கிறேன்?"

"ஒருத்தர்தாங்க."

"அப்பாடா." மூச்சு விடும் சத்தம் நீளமாகக் கேட்டது. "போய்த் தொலைஞ்சுது சனியன். நீ எப்படி இருக்கே? குரல் ஒரு மாதிரி இருக்கே."

"ராத்திரி பூரா தூங்கலைல்ல. குட்டியைக் கூட்டிட்டு வாங்க. பட்டாம்பூச்சி வெளிய வரப்போகுது. பார்க்கணும்னு சொன்னா."

"எழுப்பிட்டுக் கிளம்பறேன். இருபது நிமிஷம்."

சமையலறைக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். மேல்தட்டிலிருந்து தேயிலை டப்பாவை எடுத்தாள். முகம் கழுவினாள். உடம்பு லேசாக இருந்தது. கழுத்து மட்டும் கடுத்தது. இரவு முழுக்க நின்ற நிலை அப்படி. தேநீரை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். தொண்ணூற்றெட்டாவது முடியப்போகிறது. கடைசிப் படத்தை மடிக்கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினாள், பழக்கதோஷம்.

ஜன்னல். நாற்காலி. கேமராவும் கையுமாக ஒருத்தி.

காற்றாடி.

காற்றாடியின் இறக்கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் பெரிதாக்கினாள். படம் புள்ளி புள்ளியாகச் சிதறியது. கொஞ்சம் சிறிதாக்கினாள். கேமராவைப் பிடித்திருந்த விரல்கள் கேமராவை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தன. அதற்கு மேலே மார்பு. மார்பளவில் காற்றாடியின் இறக்கை. அதற்கும் மேலே, மடிந்த கழுத்து.

இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டார். போனது அது இல்லை.

கைபேசி. கணவர் எண். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். மறுபடி. எடுக்கவில்லை. மறுபடி.

'வராதீங்க' என்று செய்தி அடித்தாள். விரல் எழுத்துக்களை விட்டு விட்டு விழுந்தது. 'வராதீங்க. குட்டியைத் திருப்பிக் கூட்டி'

தேயிலை டப்பா. மேல்தட்டு. ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். எப்போதும் ஸ்டூல் போட்டுத்தான்.

ஸ்டூல் கூடத்தில் இருந்தது.

மேசையில் கூடு முழுவதும் கறுத்துவிட்டது. கடைசி வெள்ளியும் போயிற்று. மெல்லக் கீறல் விழுந்தது. ஈரமான ஒரு கால் வெளியே வந்தது. பிறகு இன்னொரு கால். அவள் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கைதான். ரேகைகள். மோதிரம். நகத்தில் அரளிப் பாலின் கறை. தன் கை. தன் கை.

வெளியே வண்டி வந்து நின்றது.

இரும்புக் கதவு. செருப்புச் சத்தம். ஓடி வரும் சின்னக் கால்கள்.

"குட்டி! உள்ள வராதே!"

கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். அறையில் காய்ந்த காகிதம் சரசரத்தது.

"அம்மா, வந்துடுச்சா? பட்டாம்பூச்சி வந்துடுச்சா?"

குட்டி அறை வாசலில் வந்து நின்றாள். தூக்கம் கலையாத முகம். ஒரு பக்கம் அவிழ்ந்த பின்னல். முதலில் மேசையைப் பார்த்தாள். பிறகு, அம்மாவின் முகம் வழக்கமாக இருக்கிற உயரத்தைப் பார்த்தாள்.

அங்கே எதையோ தேடினாள்.

பிறகு அவள் கண்கள் மெல்ல மேலே ஏறின. காற்றாடி வரைக்கும். காற்றாடிக்கு மேலே. தலை பின்னால் சாய, வாய் தானாகத் திறக்க, இன்னும் மேலே.

"அம்மா?"

அவள் நிமிர முயன்றாள். முடியவில்லை. பின்கழுத்தில் சில்லென்று, கனமாக, சொரசொரப்பாக ஏதோ அழுத்தியது.

கூரை.